முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும்

என் இடது கைக்குப் பல வருடங்களாக ஒரு தனி வேலை இருந்தது. யாராவது எதிரில் வந்து நின்று பேசினால், அது தானாக எழுந்துபோய்த் தாடையை மூடிக்கொள்ளும். கருவாடு புரட்டும்போது, குடம் தூக்கும்போது, கூடை சுமக்கும்போதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு ஆள் முகத்துக்கு நேரே வந்துவிட்டால் போதும், கிளம்பிவிடும்.

பொன்னேரிச் சந்தையில் நான் கருவாடு விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மளிகைச் சாமான் விற்கிற ஒரு அக்கா உண்டு. முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டு, "பல்லு வலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். ஒவ்வொரு சந்தைக்கும் எனக்கு ஒரு பொட்டலம் கிராம்பு வந்தது. "கடவாயில அடக்கிக்கோ" என்பார். எனக்கு முப்பத்திரண்டு பல்லும் கரும்பு கடிக்கிற பல். வலித்தது பல் இல்லை, தாடி.

நான் திருநங்கை. பத்தொன்பது வயதில் எங்கள் கடற்கரை ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தை விட்டுப் போய் முப்பதில் திரும்பி வந்தவள். போன கதையும் வந்த கதையும் பெரிய கதை, அது இங்கே வேண்டாம். ஊர் முதலில் முறைத்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு "கருவாடு இன்னா வெல?" என்று கேட்டது. விலை கேட்க ஆரம்பித்தால் ஊர் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை உடம்புக்குப் பல நல்லது செய்தது. தோல் மெத்தென்று ஆனது, என் கோபம்கூடக் கொஞ்சம் அடங்கியது. ஆனால் தாடி மட்டும் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஏற்கெனவே குடிவந்து பட்டா வாங்கிவிட்ட முடியை மாத்திரை காலி செய்யாதாம். காலையில் சவரம் செய்தால் மத்தியானத்துக்குள் கன்னத்தில் ஒரு கரும்பச்சை நிழல் விழுந்துவிடும். அதற்கு மேலே முந்தானையில் முடிந்து வைத்திருந்த முள்வாங்கி. காலில் முள் ஏறினால் எடுப்பதற்கு எங்கள் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிற சின்ன இரும்புச் சாமான்தான். நான் அதை வைத்துக் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தடைக்காலம் வந்தது. மோட்டார் படகு கடலுக்குப் போகக் கூடாத மாதங்கள், கட்டுமரம் மட்டும் போய்வரும். படகெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும், ஆம்பளைகள் எல்லாம் பொண்டாட்டிகளுக்கு இடைஞ்சலாகத் திரிவார்கள். என் தம்பி படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவன், கையில் பிரஷ்ஷோடு நான் கருவாடு காயவைக்கிற இடத்துக்கு வந்தான்.

"க்கா, கோட்டகுப்பத்துப் பொண்ணு முடிவாயிடுச்சு. தையில கல்யாணம்."

"ஊருக்கே தெரியும்டா. மீனுக்குக்கூடத் தெரியும்."

"முடிச்சு நீதான் போடணும்."

மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டதும், மீதி இரண்டை அவன் அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவதுதான் வழக்கம். நாத்தனார் முடிச்சு. நான் அதை எதிர்பார்த்திருக்கவே இல்லை.

"சித்தப்பா பொண்ணு கீறாளேடா."

"அவ சித்தப்பா பொண்ணு. நீ என் அக்கா. இதுகூட நான் சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். மணலில் நீலச் சாயம் சொட்டுச் சொட்டாக அவன் பின்னாலேயே போனது.

சந்தோஷத்தில், புரட்டிவைத்த கருவாட்டையே திரும்பப் புரட்டினேன். அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். எதிரில் இரண்டு ஊர் நிற்கும், வீடியோக்காரர் நிற்பார், முகத்தில் விளக்கு அடிப்பார். அந்த நேரத்தில் என் இடது கை எங்கே இருக்கும்?

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் அம்மா எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பாள். "ரெண்டு கையும் தாலிக்குப் போயிட்டா, சட்டிக்கு மூடி யாரு போடறது?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் நெத்திலியைக் கிளறினாள்.

"தையிக்கு எட்டு மாசம் கீதுடி. எட்டு மாசத்துல புள்ளையே பெத்துடலாம்."

"அது கொறமாசம்மா."

"உன் தம்பியும் கொறமாசந்தான். நல்லாதான கீறான்?"

அன்றைக்கே போனில் தேட ஆரம்பித்தேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைச்சல். ஆனால் காதால் கேட்டுக் கேட்டுப் படித்தவள், பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும் விடமாட்டேன். தெரிந்த திருநங்கைத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டேன். இரண்டு வழி இருப்பது தெரிந்தது. ஒன்று லேசர். ஒளியை அடித்து ஒரே வீச்சில் நூறு முடியின் வேரைச் சுடுவது. இன்னொன்று எலக்ட்ரோலிசிஸ். தலைமயிரைவிட மெல்லிய ஊசியை ஒவ்வொரு முடியின் குழியிலும் இறக்கி, துளி கரண்ட் விட்டு, அந்த ஒரு வேரை மட்டும் கொல்வது. முதலாவது சீக்கிரம், ஆனால் மொத்தமும் போகும் என்று சத்தியம் செய்யாது. இரண்டாவது சத்தியம் செய்யும், ஆனால் சீக்கிரம் என்ற வார்த்தையே அதற்குத் தெரியாது.

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் பிறந்த ஊர் பசியாவரம், எங்கள் குப்பத்துக்குப் பின்னால் விரிகிற ஏரியின் நடுவில் இருக்கிற தீவு. ஏரியில் தண்ணீர் வற்றுகிற நாட்களில் அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படுகிற இறாலை ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். அம்மாவும் கல்யாணத்துக்கு முன் அந்த வேலை செய்தவள்தான்.

"இவ்ளோதான? ஒண்ணு வல, ஒண்ணு தடவல்" என்று முடித்துவிட்டாள். எத்தனையோ வீடியோ பார்த்தும் எனக்குப் புரியாதது அந்த நாலு வார்த்தையில் புரிந்தது.

"எதும்மா நல்லது?"

"மீன கேட்டா தெரியும்."

முதலில் வலையைப் பார்ப்போம் என்று லேசர் டாக்டருக்குப் போன் செய்து நாள் வாங்கினேன். முந்தின நாள் சவரம் செய்துவிட்டு, முகத்தைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். சவரம் செய்தேன். ஆனால் சுத்தம் என்கிற வார்த்தைக்கு எங்கள் குப்பத்தில் வேறு பொருள். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் என்னை முற்றத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"டாக்டரம்மா முன்னாடி கருவாட்டு மூஞ்சியோட போவியா? மானம் போவும்."

மூன்று நாளாக அரைத்து அரைத்துப் பூசிய மஞ்சள். புறப்படுகிற காலையிலும் ஒரு பூச்சு. பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "எந்தக் கோயில் திருவிழா?" என்றார். பொன்னேரியில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, குளிரூட்டிய அறையில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் இளவயதுப் பெண். விளக்கை என் முகத்துக்கு நேரே திருப்பினார், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மஞ்சள் பூசிக்கிட்டு லேசருக்கு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா."

தப்பு என்னவென்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஒளி கறுப்பைத் தேடிப் போய்ச் சுடும். முகத்தில் வேறு சாயம் இருந்தால் அதற்குக் குழப்பம், தோலுக்கு ஆபத்து. வெயிலில் கறுத்த தோலும் அதே குழப்பம்தான். "எவ்வளவு நேரம் வெயிலில் இருப்பீங்க?" என்று கேட்டார்.

"கருவாடு காயற வரைக்கும் டாக்டர்."

"அது எவ்வளவு நேரம்?"

"சூரியன் எங்க மொதலாளி. அவரு போனாதான் நாங்க போவோம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் தாடையைத் தொட்டுப் பார்த்து, "பிடுங்குவீங்களா?" என்றார். முள்வாங்கியை எடுத்துக் காட்டினேன். "வேரோட பிடுங்கிட்டா லைட் எதைப் போய்ச் சுடும்? இனிமே சவரம் மட்டும். ஒரு மாசம் இதைத் தொடாதீங்க, வெயில்ல நிற்காதீங்க, மஞ்சள் வேண்டாம். அப்புறம் வாங்க." கடைசியாக, என் மோவாயில் தேடி, நரைக்க ஆரம்பித்த முடிகளைக் கண்டுபிடித்தார். "இந்த வெள்ளையெல்லாம் லேசர் கண்ணுக்குத் தெரியாதும்மா. அதை இப்பவே சொல்லிடறேன்."

நாற்பதை நெருங்குகிறவள் நான். கறுப்பாக இருந்தபோது இருந்த தொல்லை போதாதென்று, வெளுத்த பிறகும் தொல்லையா என்று தோன்றியது.

ஒரு மாதம் சும்மா இருப்பானேன் என்று அந்த இடைவெளியில் தடவல்காரரைப் பார்க்கப் போனேன். வட சென்னையில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் சின்ன அறை. அம்பது வயதுக்காரப் பெண்மணி, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, குறைவாகப் பேசுகிறவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாலு நாள் சவரம் பண்ணாம வாம்மா. முடி பிடிக்கற அளவுக்கு வளரணும்."

வெயிலில் நிற்காதே என்றதைவிட இது கஷ்டம். நாலு நாள் தாடியோடு குப்பத்தில் நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தேன். மூன்றாம் நாள் நெத்திலி நிறைய வந்துவிட்டது, அம்மா தனியாகச் சமாளிக்க முடியாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கருவாட்டுக் களத்துக்குப் போனேன். அங்கே படகு வைத்திருக்கிற ஒரு மாமா நின்றுகொண்டிருந்தார். மாமாவுக்கு உலகத்தில் எல்லா மீனும் தெரியும், வாயை மூடத்தான் தெரியாது.

"இன்னாமே, தாடி வளக்கற? திருப்பதிக்கு வேண்டிக்கினியா?"

என் கை கிளம்பிவிட்டது. நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா நிமிர்ந்தாள்.

"ஆமாய்யா, வேண்டுதல்தான். கன்னத்து முடிய குடுத்துட்டு கன்னத்த வாங்கிக்கினு வரப்போறா. நீ வேண்டிக்கினாலும் குடுக்கறதுக்கு உன் மண்டைல இன்னா கீது?"

மாமா தலை வழுக்கை என்றால் அப்படி ஒரு வழுக்கை, உச்சி வெயிலில் பார்த்தால் கண் கூசும். களமே சிரித்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டு, "நான் போன ஜென்மத்துலயே குடுத்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நல்லபடியா போயிட்டு வா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் கிண்டல் செய்யாத ஆளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாலு நாள் முடிந்து மறுபடி அந்த அறைக்குப் போனேன். ஊசி வலித்தது. கெளுத்தி முள் குத்தினால் ஒரு சுரீர் வரும், அதன் தங்கச்சி மாதிரி ஒரு வலி. பத்து முடி எடுத்துக் காட்டினார் அந்த அம்மா. ஒவ்வொன்றும் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது, சேற்றிலிருந்து வருகிற இறால் போலவே. எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. செய்கிறவருக்கு அவசரமே இல்லை.

"முழு மூஞ்சியும் இதுலயே முடிச்சிடலாமாக்கா?"

"முடிக்கலாம். எடுத்த எடத்துல இன்னொண்ணு தூங்கிக்கினு இருக்கும், அது முழிச்சா அதையும் எடுக்கணும். வருசக்கணக்கு ஆவும்மா. தையிக்குள்ளன்னு பொய் சொல்லமாட்டேன்."

திரும்பி வருகிற ரயிலில் எனக்கு ஒரே குழப்பம். லேசர் என்றால் வெயிலை விடணும், அதுவும் அரைகுறையாகத்தான் போகும். ஊசி என்றால் வாரா வாரம் தாடியை ஊருக்குக் காட்டணும், அதுவும் கல்யாணத்துக்குள் முடியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன்.

"ஒண்ணுக்கு வெயிலு ஆவாது, ஒண்ணுக்கு வெக்கம் ஆவாது" என்று அவள் சுருக்கினாள். "உனுக்கு எத வுட முடியும்?"

"இப்போதைக்கு வெயில விட முடியும்மா. வெக்கத்த விடறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்."

"அப்ப வலய வீசு. வலைக்குத் தப்பினது கைக்குத் தப்பாது. மிச்சத்த அப்புறம் தடவிக்கலாம்."

அப்படித்தான் முடிவானது. கறுப்பு லேசருக்கு, வெள்ளை ஊசிக்கு. முதலில் கறுப்பு.

வெயிலை விடுவது என்றால் வேலையை விடுவது. கருவாட்டுக் களத்தில் எனக்குப் பதில் சித்தப்பா பெண் நின்றாள். நாத்தனார் முடிச்சு தனக்கு வராமல் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "சீக்கிரம் வெள்ளயா ஆவு, நானும் கறுத்துக்கினே போறேன்" என்று மட்டும் சொன்னாள். சந்தைக்கு மட்டும் நான் போனேன், அங்கே கூரை உண்டு. குப்பத்தில் எனக்கு நிழல் இருந்த ஒரே இடம் வலைக் கொட்டகை. ஆம்பளைகள் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னுகிற இடம். எங்கள் அப்பா, நைனா என்போம், பகல் முழுக்க அங்கேதான் இருப்பார்.

சின்ன வயதில் அவர் எனக்கு வலை முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார். ஆம்பளைப் பிள்ளை செய்கிற வேலை என்று அதிலிருந்து தப்பித்து ஓடியவள் நான். கேளுங்கள் இந்தக் கூத்தை: பொம்பளை முகம் வேண்டும் என்பதற்காக, முப்பது வருடம் கழித்து, அதே கொட்டகையில் அதே வலை ஊசியைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் திரும்பி வந்த புதிதில் என்னிடம் ஒரு வருடம் பேசாமல் இருந்தவர் அவர். பேச ஆரம்பித்த பிறகும் கணக்காகத்தான் பேசுவார்.

"அன்னிக்கு ஓடன. இன்னிக்கு வந்து உக்காந்துகினியே?"

"வெயிலு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க நைனா."

"அப்ப வெயிலுக்கு ஒரு கும்புடு போடணும்" என்றார். ஒரு வலை ஓரத்தை எடுத்து என் மடியில் போட்டார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று மத்தியானம் அவர் டீ வாங்கியபோது இரண்டு டீ வந்தது.

விரல் மறக்கவில்லை. முதல் நாள் தடுமாறியது, ஒரு வாரத்தில் ஓடியது. நைனா பக்கத்திலிருந்து முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார். "நவுரக் கூடாது. முடிச்சு நவுந்தா மீனு சிரிக்கும்." இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது, தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். மாதக்கணக்கில் அந்த ஒரே முடிச்சுதான் என் இரண்டு கையும் போட்டது.

லேசர் ஆரம்பமானது. கடுகு தாளிக்கும்போது முகத்தில் தெறித்தால் எப்படி இருக்குமோ அப்படி, பட் பட்டென்று. கண்ணுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள். ஒரு வாசம் வந்தது பாருங்கள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வலிக்குதா, சிரிக்கிறீங்களா?" என்றார் டாக்டர்.

"கோழி பொசுக்கற வாசன வருது டாக்டர். எங்க வீட்டு ஞாயித்துக்கெழம மாதிரி கீது."

அவர் மெஷினைக் கொஞ்சம் நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

பத்து நாளைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. முடி வளர்கிற மாதிரிகூட இருந்தது. ஏமாந்தோமோ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் முகம் கழுவித் துடைத்தேன். துண்டு முழுக்க மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். திரும்பத் துடைத்தேன், இன்னும் விழுந்தது. துண்டை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன், வெயிலில் நிற்கக் கூடாது என்பதையும் மறந்து.

"ம்மா! கொட்டுது!"

அம்மா துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்துப் பெண்கள் எல்லாம் கருவாட்டுக் கையோடு வந்து பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டாள், இன்னொருத்தியும் தொட்டாள், கடைசியில் என் முகமெல்லாம் நெத்திலி வாசம். "போடி நெழலுக்கு!" என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் துரத்தினார்கள். அன்று மத்தியானம் வந்தது, கன்னத்தில் நிழல் வரவில்லை. சாயங்காலம் வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிடவில்லை. மறுபடி கொஞ்சம் முளைத்தது, மறுபடி போனேன். மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விட்டு. கார்த்திகை மழையில் ரோடு மூழ்கி ஒரு தவணை தவறியது. தை பிறந்தபோது கன்னம் இரண்டும் காலி, மேலுதட்டில் கொஞ்சம் மிச்சம். மோவாயில் வெள்ளை முடிகள் மட்டும் ஒன்றுகூட அசையாமல், கரைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தன.

கல்யாணத்தன்று காலை அவற்றைச் சவரம் செய்தேன். வாடாமல்லி நிறப் பட்டுப்புடவை. அம்மா பூ வைத்துவிடும்போது, "மஞ்ச பூசட்டுமா?" என்றாள். லேசருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. "பூசும்மா" என்றேன். எட்டு மாதப் பசியையும் சேர்த்துப் பூசினாள்.

மேளம் கெட்டியாக அடித்தது. தம்பி தாலியைக் கட்டினான், முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். விளக்கு நேராக என் முகத்தில் அடித்தது. அட்சதை முகத்தில் வந்து விழுந்தது. கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையால் எடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது, பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் இருந்த சின்ன மச்சமும், ஈரமான மஞ்சள் கயிறும், கண்ணில் நின்ற தண்ணீரும்தான். எவ்வளவு வேகமாகப் போட்டேன் என்றால், வீடியோவில் பார்த்தால் ஒரு கண் சிமிட்டல். போட்டு முடித்த பிறகு கை வந்து தாடையில் உட்கார்ந்தது என்பதையும் அதே வீடியோவில்தான் பார்த்தேன். பழக்கம், இலேசில் போகுமா? ஆனால் முடிச்சு நேரத்தில் அது வரவில்லை. எனக்கு அன்றைக்கு அது போதும்.

போதும் என்றுதான் நினைத்தேன். என் விரல்கள் செய்து வைத்திருந்த வேலை ஐந்தாம் மாதம் தெரிந்தது.

வைகாசி. மறுபடி தடைக்காலம். புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கிற நாள். பழைய கயிற்றைப் பிரித்து, தாலியைக் குண்டுமணிகளோடு புதுக் கயிற்றில் கோர்த்துப் போடுவார்கள். அதற்கு இடையில் நான் ஊசிக்காரம்மாவிடம் போக ஆரம்பித்திருந்தேன். மறுநாள் எனக்கு முறை. நாலு நாளாகச் சவரம் இல்லை. மோவாயில் வெள்ளை முடி குத்திட்டு நிற்க, நான் உள்ளறையில் தேங்காய் துருவிக்கொண்டு ஒதுங்கி இருந்தேன்.

வெளியே நடுவீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். புதுப்பெண்ணின் அம்மா முடிச்சைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எங்கள் சித்தி பார்த்தார். அம்மா பார்த்தாள். நகம்தான் உடைந்தது. யாரோ, "இழுத்துப் பாரு" என்றார்கள். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. ஐந்து மாதம் தண்ணீரும் மஞ்சளும் குடித்த முடிச்சு. தாலிக் கயிற்றில் கத்திரி வைக்கலாமா? நினைக்கவே கூடாது.

அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது.

"அடியே! இது தாலி முடிச்சு இல்லடி, வல முடிச்சு! மருமவளுக்கு வல போட்டு வெச்சிக்கீறா!"

வீடு இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. வாசலில் உட்கார்ந்திருந்த நைனா உள்ளே தலையை நீட்டி, "நவுருதா?" என்று கேட்டார்.

"ஒரு நூலு நவுரல!"

"அப்ப சரியாதான் போட்டுக்கீறா" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

"போட்டவளே வந்து பிரிக்கட்டும்" என்று கூப்பிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். கை தாடையில். எல்லா ஜன்னலும் திறந்த பகல் வெளிச்சம், பதினைந்து பெண்கள், கோட்டைக்குப்பத்து சம்பந்திகள். சவரம் செய்துவிட்டு வரலாம் என்றால், நாலு நாள் வளர்த்தது வீணாகும், நாளைய முறை போகும். அதைவிட, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பாயில் குனிந்தபடி உட்கார்ந்திருந்த புதுப்பெண், கழுத்து வலியோடு நிமிர்ந்து பார்த்து, "அண்ணி, சீக்கிரம் வாங்க, கழுத்து ஒடியுது" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து முடிச்சை முன்னால் நகர்த்திக்கொண்டாள். எங்கள் முகத்துக்கு இடையில் ஒரு சாண். விரலால் முயன்றேன், நடக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து முள்வாங்கியை எடுத்தேன். ஒரு வருடமாக வேலை இல்லாமல் கிடந்த சாமான். அதன் முனையை நூலுக்குள் விட்டு, ஒரு இழையைப் பிடித்து, மெல்ல இழுத்தேன். பிறகு இன்னொரு இழை.

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை பூராது" என்று சித்தி பின்னாலிருந்து சொன்னார். அவசரமே எனக்கு இல்லை. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எடுப்பது எப்படி என்று வாரா வாரம் படுத்துக்கிடந்து பார்த்தவள் ஆயிற்றே.

புதுப்பெண் என் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு எங்கே பார்க்க இடம்?

"அண்ணி, வெள்ளையா அஞ்சு கீது" என்றாள் மெதுவாக.

"ஏழு."

"இல்ல, அஞ்சுதான். நான் எவ்ளோ கிட்ட கீறேன், எனக்குத் தெரியாதா?"

"நாளிக்கு ஊசிக்குப் போறேன். அதுக்குதான் வுட்டு வெச்சிக்கீறேன்."

"வலிக்குமா?"

"கெளுத்தி முள்ளு மாதிரி."

"அய்யோ" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் கூட வரட்டா? கைய புடிச்சிக்கிறேன். அப்படியே பட்டணத்துல எனக்கு ஒரு செருப்பு வாங்கிக்கலாம்."

முடிச்சு இளகியது. இரண்டாவதும் இளகியது. நூல் நூலாகக் கயிறு பிரிந்து என் உள்ளங்கையில் விழுந்தபோது எல்லோரும் குலவை இட்டார்கள். புதுக் கயிறு மஞ்சளில் நனைந்து தட்டில் வந்தது. அம்மா அதைக் கழுத்தில் போட்டுவிட்டு, "இந்த தபா நான் போடறேன், நீ தள்ளு" என்றாள்.

"அத்த, அண்ணியே போடட்டும்" என்றாள் புதுப்பெண். "அதே முடிச்சு போடுங்க அண்ணி. பிரிக்கறதுக்கு நீங்கதான் கீறீங்களே."

அதே முடிச்சைப் போட்டேன்.

மறுநாள் இரண்டு பேருமாகச் சென்னைக்குப் போனோம். ஊசிக்காரம்மா எண்ணிப் பார்த்து ஏழு என்று சொன்னார், நாத்தனார் நான்தான் ஜெயித்தேன். அதற்கு அடுத்த சந்தைக்கு வழக்கம்போல் பொன்னேரியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்தேன். மளிகை அக்கா வந்து எதிரில் நின்று வஞ்சிரக் கருவாடு விலை கேட்டார். சொன்னேன். பேரம் பேசினார். நானும் பேசினேன். திடீரென்று என் முகத்தை உற்றுப் பார்த்து, கேட்டார்:

"பல்லு வலி போயிடுச்சாம்மா?"

அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை தராசைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பல்லு வலி இல்லக்கா அது. தாடி. மூடிக்கினு இருந்தேன்."

அவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! அப்ப நான் குடுத்த கிராம்பெல்லாம்?"

"வீணாவலக்கா. தம்பி கல்யாணத்துல பிரியாணிக்கு ஆச்சு."